பால் காய்ச்ச வந்தவர்கள்

வில்லாபுரத்தில் பால்பாண்டியின் மாடிவீட்டுக் கீழ்ப்பகுதியில் ஹரிராம் குடியிருந்தார். ஹரிராமுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பால்பாண்டிக்கு இன்னும் நாற்பத்தைந்துகூட ஆகவில்லை. இருந்தாலும் ஹரிராம் அவரை அண்ணே என்பார். வீட்டுக்காரர் ஆயிற்றே. பால்பாண்டி வயதுக்கு மரியாதை கொடுத்து இவரை அண்ணே என்பார். இரண்டு அண்ணன்மாரும் மாடிப்படி முனையில் எதிரெதிரே வந்துவிட்டால், நீங்க போங்கண்ணே, நீங்க போங்கண்ணே என்று ஒதுங்கி நின்று யாரும் போகாமல் கிடப்பார்கள். ஹரிராமின் மனைவி சாரதாம்பாளுக்கு இந்தக் கூத்தெல்லாம் கிடையாது. அவள் பால்பாண்டியைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள்.

ஹரிராமுக்கு விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. காலையில் நிற்க ஆரம்பித்தால் ராத்திரி கடை எடுத்து வைக்கும்வரை நிற்க வேண்டும். கேட்ட சேலையை எடுத்துப் போட வேண்டும், முந்தியை விரித்துக் காட்ட வேண்டும், மலைபோல் குவித்துவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்து போகிறவர்களிடமும் சிரித்துக்கொண்டே, அடுத்த தடவை வாங்கக்கா என்று சொல்லிவிட்டு மடிக்க வேண்டும். இல்லை என்ற சொல் வாயில் வரக்கூடாது என்பது முதலாளி கட்டளை. அந்த நிறம் கடையில் இல்லாவிட்டால், "அதவிட எடுப்பா ஒண்ணு காட்டுறேன்" என்று வேறொன்றைப் பிரிக்க வேண்டும். வாலிபத்தில் உள்ளே நுழைந்தவர் தலை நரைக்கும்வரை இதையே செய்தார். கடையைவிட்டு வெளியே வந்த பிறகும் மனுஷன் அப்படியே இருந்தார் என்பதுதான் சங்கடம். யார் என்ன கேட்டாலும் சரி என்பார். பிறகு ராத்திரி முழுக்கப் புரண்டு படுப்பார்.

கார்கிலில் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷம் அது. ஆனி மாதக் காற்று அவனியாபுரம் பொட்டலில் இருந்து மண்ணை வாரிக்கொண்டு வந்து கொடியில் காயும் துணியில் அப்பியது. ஹரிராமின் ஒரே மகள் இந்துப்ரியா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளை விஜய்ஆனந்துக்கு சூரத்தில் வேலை, பிள்ளை பிறந்த பிறகுதான் லீவு. ஆடிக் கடைசியில் பிரசவம் ஆகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். வீட்டு அக்ரிமெண்ட் ஆகஸ்ட் முடியும்வரை இருந்தது. அதற்கு மேல் நீட்டிக்க முடியாது, வாடகையைக் கூட்டிப் புது ஆளுக்கு விடப் போகிறேன் என்று பால்பாண்டி சித்திரையிலேயே சொல்லிவிட்டார். இவர்களும் மறுக்கவில்லை. பிள்ளை பிறந்து, பச்சை உடம்பு கொஞ்சம் தேறியதும் ஆவணியில் வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்பது சாரதாம்பாளின் கணக்கு. மாசமாக இருக்கிறவளை வீடு மாற்றிக் கொண்டுபோகக் கூடாது. ஆடியில் யாரும் குடிபோகவும் மாட்டார்கள். ஆகவே அந்த வீட்டில்தான் பேரப்பிள்ளை பிறந்து வந்து இறங்க வேண்டும்.

ஆனால் ஆகஸ்ட் வரை பொறுக்கப் பால்பாண்டிக்கு மனசு வரவில்லை. தரகர் காசிமாயனை விட்டு ஆள் கொண்டுவரச் சொன்னார். ஆளும் வந்தார்கள், நேரம் காலம் இல்லாமல் வந்தார்கள்.

ஒரு நாள் மத்தியானம் சாரதாம்பாள் தரையில் உட்கார்ந்து சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். கடைச் சேலைகளை ஹரிராம் கட்டாகக் கொண்டுவந்து போடுவார், அவள் தைத்துக் கொடுப்பாள். இந்து நைட்டியோடு ஃபேனுக்கு நேராக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். காலெல்லாம் வீங்கிக் கிடந்தது. கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. வேலைக்குப் போனவர் திரும்பிவிட்டாரா என்று சாரதாம்பாள் தலையைத் தூக்குவதற்குள் பால்பாண்டி உள்ளே நின்றார். பின்னால் காசிமாயன். அவருக்குப் பின்னால் முன்பின் தெரியாத ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும்.

"எந்திரிக்காதம்மா, நீ பாட்டுக்குப் படு. நாங்க ஒரு பார்வ பாத்துட்டுப் போயிருவோம்" என்றார் பால்பாண்டி.

இந்து எழ முடியாமல் கையை ஊன்றி எழுந்து, கிடைத்த சேலையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். அது யாரோ ஒருத்தி வாங்கிய பட்டுச் சேலை. வந்த பெண் அடுப்படிக்குப் போய்ச் சிங்க்குக்கு அடியில் குனிந்து பார்த்தாள். குளியலறைக் கதவைத் திறந்தாள். உள்ளே இந்துவின் உள்பாவாடை நனைந்து கிடந்தது. வந்த ஆள் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி, "தண்ணி எப்பிடிங்க, ஒண்ணுவிட்டு ஒரு நாளா?" என்று கேட்டான்.

"தம்பி, ஒரு சத்தம் குடுத்துட்டு வரக் கூடாதா?" என்றாள் சாரதாம்பாள்.

"நம்ம வீட்டுக்குள்ள வர்றதுக்கு என்னக்கா சத்தம்? யாரு இருக்கா, நம்ம புள்ளதான" என்று சிரித்தார் பால்பாண்டி. அவர் கெட்ட மனுஷன் இல்லை. அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்து, இரும்புத்தூளைத் தின்று கட்டிய வீடு. அதற்குள் நுழைய இன்னொருத்தரிடம் கேட்க வேண்டும் என்பது அவர் புத்தியில் ஏறவே இல்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது இந்து ஆரம்பித்தாள். வீட்டுக்குள் அவர்கள் சௌராஷ்டிரம்தான் பேசுவார்கள். நம் வசதிக்குத் தமிழில் சொல்கிறேன்.

"அப்பா, ஆகஸ்ட் முடியிற வரைக்கும் இது நம்ம வீடு. வாடகைக்கு விட்டாச்சுன்னா கேக்காம உள்ள வர வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. இன்னொரு சாவி வச்சுக்கிட்டுத் தெறந்து வர்றது தப்பு. என்கூடப் படிச்ச பொண்ணு வக்கீலுக்குப் படிச்சிருக்கா, அவ சொன்னா."

"அதுக்காகப் போலீசுக்கா போக முடியும்?" என்றார் ஹரிராம்.

"போலீசுக்கு யாரு போகச் சொன்னா? மாடிக்குப் போங்க" என்றாள் சாரதாம்பாள். "வயசுப் பொண்ணு மாசமாப் படுத்திருக்கா. கண்டவனும் பாத்ரூமைத் தெறந்து பாக்குறான். எனக்கு அவமானமா இருக்கு. நீங்க ஆம்பளையாப் போய் ஒரு வார்த்தை சொல்லுங்க, பிரசவம் முடியிற வரைக்கும் ஒருத்தரும் இந்த வாசல்ல கால் வைக்கக் கூடாதுன்னு."

ஹரிராம் சாதத்தைப் பிசைந்துகொண்டே சரி என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனார். படியேறும்போது சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பால்பாண்டி கைலியோடு டிவியில் சண்டைச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே, உக்காருங்க. நானே கீழ வரணும்னு இருந்தேன்."

"அதாண்ணே, ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு..."

"வீடு பாக்க வாரவங்க தொந்தரவுதான? இனிமே ஒருத்தரும் வரமாட்டாங்கண்ணே. நேத்து ராத்திரி வீடு முடிஞ்சிருச்சு."

"முடிஞ்சிருச்சா?"

"பேங்க்ல இருக்காரு, பாபு சார்னு. தஞ்சாவூர்ப் பக்கம். போன வாரம் அக்காவும் புள்ளையும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தப்ப தெறந்து காட்டுனேன். அம்புட்டுப் பிடிச்சுப் போச்சு அவுங்களுக்கு. சின்னஞ்சிறுசுகண்ணே, இப்பத்தான் கல்யாணம் ஆகியிருக்கு."

யாரும் இல்லாதபோது திறந்து காட்டினேன் என்றது ஹரிராமுக்குச் சுருக்கென்று தைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு பேசியிருக்கலாம். அதற்குள் பால்பாண்டியின் பெண்டாட்டி டீ கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டாள். ஒருத்தர் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டே அவரைக் குறை சொல்ல ஹரிராமால் ஆகாது.

"ஒரே ஒரு விசயம்ண்ணே" என்றார் பால்பாண்டி. "ஆடி பொறந்துட்டா அவுங்க பால் காய்ச்ச மாட்டாங்க. ஆவணி வரைக்கும் விட்டா நம்மளுக்கு நிச்சயம் இல்ல. காளவாசல்ல வேற ஒரு வீடு பாத்து வச்சிருக்காங்களாம், அங்குட்டுப் போயிருவாங்க. அதனால ஆனி கடைசி முகூர்த்தத்துல வந்து பால் மட்டும் காய்ச்சிக்கிறட்டுமான்னு கேட்டாங்க. வெள்ளன வந்து, பத்தே நிமிசம், போயிருவாங்க."

"எங்கண்ணே காய்ச்சுவாங்க?"

"எங்க காய்ச்சுவாங்க, அடுப்படிலதான்."

"பொண்ணு மாசமா இருக்கு..."

"அது இருந்துட்டுப் போகுது. அதை யாரு என்ன செய்யப் போறா? பால் காய்ச்சிட்டா அவுங்களுக்கும் இது நம்ம வீடுன்னு மனசு ஒட்டிக்கிரும். ரெண்டு மூட்ட சாமான முன் ரூம்ல ஓரமாப் போட்டுக்கிருவாங்க. நீங்களும் ஆடி நடுவுல தோதா எடம் கெடச்சாப் பாருங்கண்ணே. அவசரமில்ல. என்னண்ணே, சரிதான?"

இந்த இடத்தில்தான் சொல்லியிருக்க வேண்டும். ஒருத்தர் குடியிருக்கும் வீட்டில், அவர்கள் அடுப்பில், இன்னொருத்தர் பால் காய்ச்சிக் குடிவருவது உலகத்தில் எங்காவது உண்டா? அதுவும் பிள்ளைத்தாய்ச்சி படுத்திருக்கிற வீட்டில்? சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால், எங்கள் மருமகளை அடுத்தவன் பால் பொங்கிய வீட்டிலா பிரசவத்துக்கு வைத்திருந்தீர்கள் என்று கேட்பார்கள். இதெல்லாம் ஹரிராமுக்குத் தெரியாமல் இல்லை. எல்லாம் நெஞ்சு வரைக்கும் வந்தது. எதிரே பால்பாண்டி சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிண்ணே" என்றார் ஹரிராம்.

கீழே சாரதாம்பாள் கதவிலேயே நின்றாள். "சொன்னீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"இனிமே வீடு பாக்க ஒருத்தரும் வரமாட்டாங்கன்னுட்டாரு."

பாருங்கள், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. அதுதான் இதில் உள்ள அசிங்கம். சாரதாம்பாள் முகம் மலர்ந்துவிட்டது. அவள் புருஷனை அப்படிப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு மலைச்சாமி பெண்டாட்டியிடம் கொடியில் துணி எடுத்துக்கொண்டே, "எங்க வீட்டுக்காரரு மாடிக்கே போயிக் கேட்டுட்டாரு. பாக்கத்தான் சாது. வாயத் தொறந்தா ஒரே வார்த்தைதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஹரிராம் உள்ளே இருந்து இதைக் கேட்டார். ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

மறுநாள் ராத்திரி அவர் கடையிலிருந்து வந்தபோது வீடே மணத்தது. முள்ளுமுருங்கை இலையை அரைத்து, அரிசி மாவோடு மிளகு போட்டுப் பிசைந்து, வடை தட்டிப் பொரித்துக்கொண்டிருந்தாள் சாரதாம்பாள். அவருக்கு அது என்றால் உயிர். இலை கிடைப்பதே கஷ்டம், நெல்பேட்டை வரை ஆள் சொல்லி வாங்கியிருக்கிறாள். பச்சைப் பசேலென்று உப்பி வந்ததைத் தட்டில் போட்டு இட்லிப் பொடியும் வைத்தாள்.

"சாப்பிடுங்கப்பா, இன்னைக்கு உங்களுக்குத்தான் மொதல்ல" என்றாள் இந்து. "நீங்க போய்ப் பேசுவீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல. உங்க மாப்பிள்ளைக்குப் போன் போட்டப்பக்கூடச் சொன்னேன், அப்பா வீட்டுக்காரர மெரட்டிட்டாருன்னு."

"மெரட்டெல்லாம் இல்லம்மா."

"பணிவப் பாரு" என்று சிரித்தாள் சாரதாம்பாள். இன்னும் இரண்டு வடையைத் தட்டில் போட்டாள். அவர் தின்றார். அப்போதே சொல்லியிருக்கலாம். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, இப்படி ஆகிப்போச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திட்டு வாங்கியிருப்பார், அவ்வளவுதான். ஆனால் அந்த வீட்டில் அவரை வெகுகாலமாக அப்படி யாரும் பார்த்ததில்லை. அந்தப் பார்வையை ஒரு நாளாவது வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. இதை நினைத்துத் தன்மேல் அவருக்கே அருவருப்பாக வந்தது. ஆனாலும் இன்னொரு வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

பால்பாண்டியையாவது தடுத்துவிடலாம் என்று ஒரு நாள் கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து அவனியாபுரம் போனார். பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. இரும்புச் சுருள் கீழே விழுந்து குவிந்துகொண்டிருக்க, பால்பாண்டி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்னண்ணே இம்புட்டுத் தூரம்?"

"சும்மாதாண்ணே. இந்தப் பக்கமா வந்தேன்."

"டீ சொல்றேன், இருங்க. அந்த பாபு சாரு நேத்துக்கூட வந்துட்டுப் போனாருண்ணே. குடியிருக்கவங்க இம்புட்டு நல்லவங்களா, பால் காய்ச்சவே விடுறாங்களேன்னு அவருக்கு ஆச்சரியம். நாந்தான் சொன்னேன், ஹரிராம் அண்ணன் மாதிரி ஆளு மதுரையிலயே கெடையாதுன்னு."

விமானம் ஒன்று தலைக்கு மேலே தாழ்வாக இரைந்துகொண்டு போனது. அது போகும்வரை இருவரும் பேசாமல் இருந்தார்கள். அது போனதும் ஹரிராம் டீயைக் குடித்துவிட்டு, வாரேண்ணே என்று எழுந்து வந்துவிட்டார்.

ஆனி கடைசி முகூர்த்தத்தன்று இன்னும் வெளிச்சம் சரியாக வரவில்லை. சாரதாம்பாள் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்து டிகாக்‌ஷன் போட்டுக்கொண்டிருந்தாள். ஹரிராம் விழித்தபடியே படுத்திருந்தார். ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை. வாசலில் செருப்புகள் கழற்றும் சத்தம். சாவி திரும்பியது. பால்பாண்டி குளித்துத் திருநீறு பூசி, வெள்ளை வேட்டியோடு உள்ளே வந்தார்.

"வாங்கம்மா, வலது கால எடுத்து வச்சு வாங்க. அண்ணே, எந்திரிச்சிட்டீங்களா? அக்கா, ஒரு பத்து நிமிசம் அடுப்ப மட்டும் விட்டுக் குடுங்க."

புதுச் சேலை கட்டிய இளம்பெண் ஒருத்தி கையில் எவர்சில்வர் பாத்திரத்தோடு உள்ளே வந்தாள். கல்யாண மஞ்சள் இன்னும் மங்காத தாலி. அவள் புருஷன் சாமி படத்தையும், உப்பும் மஞ்சளும் வைத்த தட்டையும் ஏந்தி வந்தான். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். முதல் முதலாகத் தனிக்குடித்தனம் வருகிறவர்கள்.

"எதுக்கு அடுப்பு?" என்றாள் சாரதாம்பாள்.

"பால் காய்ச்சத்தான்க்கா. ஏன், அண்ணன் சொல்லலையா?"

சாரதாம்பாள் புருஷன் பக்கம் திரும்பினாள். ஹரிராம் பாயில் எழுந்து உட்கார்ந்து வேட்டியைச் சரி செய்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தக் குனிந்த தலையிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாடிக்குப் போனது, இனிமே ஒருத்தரும் வரமாட்டாங்க என்றது, பக்கத்து வீட்டில் தான் அளந்தது எல்லாம் சேர்ந்து முகத்தில் அடித்தது. காதெல்லாம் சூடேறிக் கண் கலங்கியது.

அந்தப் பெண் அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள். "அக்கா, இந்த டிகாக்‌ஷன எறக்கிக்கிறவா? சாமி படத்த எங்க வைக்கட்டும்? உங்க படத்தக் கொஞ்சம் நகட்டிக்கலாமா, பால் பொங்குனதும் திருப்பி வச்சிடுறேன்" என்றாள். தஞ்சாவூர்ப் பேச்சு, மரியாதையாகத்தான் கேட்டாள். கேட்டுக்கொண்டே பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டாள்.

சாரதாம்பாளுக்குப் பொறுக்கவில்லை. அந்நியர் முன்னால் வீட்டு மானம் போகாமல் சண்டை போட அவர்கள் ஜனத்துக்கு ஒரு வசதி உண்டு. அவள் சௌராஷ்டிரத்தில், முகத்தை மாற்றாமல், குரலையும் உயர்த்தாமல் ஹரிராமிடம் சொன்னாள்.

"வயித்துப் பிள்ளையோட பொண்ணு உள்ள படுத்திருக்கா. அவ தலைமாட்டுல அடுத்தவ பாலைப் பொங்க வைக்க நீ சரின்னு சொல்லிட்டு வந்தியா? என்னை ஊரெல்லாம் பெருமை பேச விட்டியே, உனக்கு வாய் கூசல? இவளப் பாரு, இன்னொருத்தி குடும்பம் நடத்துற அடுப்படியில வந்து நிக்கிறா. வெக்கங்கெட்ட ஜென்மம். பெத்தவ வளத்த லட்சணம்."

அவர்கள் முப்பது வருஷக் குடித்தனத்தில் புருஷனை அவள் அப்படி ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. தீப்பெட்டியை எடுத்த அந்தப் பெண்ணின் கை அப்படியே நின்றுவிட்டது.

அவள் திரும்பினாள். முகம் செத்துப்போயிருந்தது. சாரதாம்பாள் பேசிய அதே பாஷையில், கும்பகோணத்து இழுப்போடு சொன்னாள்.

"அம்மா, வீட்டுல மாசமா ஒருத்தங்க இருக்காங்கன்னு எங்களுக்குச் சத்தியமாத் தெரியாது. நீங்க ஆனியோட காலி பண்றீங்க, சாமான் எடுக்கத்தான் நாள் ஆகும், நீங்களே சந்தோஷமாக் காய்ச்சிக்கச் சொன்னீங்கன்னுதான் சொன்னாங்க. எங்க அம்மா என்னை அப்படி வளக்கல."

நம் ஆட்களா இவர்கள்? சாரதாம்பாளுக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. இத்தனை காலம் நாலு சுவருக்குள் ஒளித்து வைத்த பேச்சையெல்லாம் சொந்த ஜனத்தின் முன்னாலேயே அவிழ்த்துக் கொட்டியாகிவிட்டது. புருஷனைத் திட்டியதும் அவர்களுக்குத் தெரியும், அந்தப் பெண்ணின் தாயைப் பேசியதும் தெரியும். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "உன் பேரென்னம்மா?" என்று கேட்டாள். வேறு எதுவும் அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"ரம்யாஸ்ரீ."

இதில் ஒன்றும் விளங்காமல் நின்றவர் பால்பாண்டி ஒருத்தர்தான். அவர் வீட்டு அடுப்படியில், அவருக்குத் தெரியாத பாஷையில், அவர் குடிவைத்தவர்களும் குடிவைக்கப் போகிறவர்களும் பேசிக்கொண்டார்கள்.

"என்னம்மா, நேரம் போகுதுல்ல. பத்த வைங்க" என்றார்.

"வேண்டாம்ண்ணே" என்றான் அவள் புருஷன் வெங்கடேஷ்பாபு. "காலி பண்ற வீடுன்னீங்க. பிரசவத்துக்கு ஒரு பொண்ணு இருக்காங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க."

பால்பாண்டியின் முகம் கறுத்தது. அவர் நேராக ஹரிராமிடம் போனார். "அண்ணே, நீங்களே சொல்லுங்க. உங்ககிட்டக் கேட்டேனா இல்லையா? நீங்க சரின்னீங்களா இல்லையா?"

உள் அறைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இந்து நின்றாள். எப்போது எழுந்து வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் ஹரிராமைப் பார்த்தார்கள். இல்லை என்று அவர் ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட அந்த நிமிஷம் சாரதாம்பாள் அவர் பக்கம் நின்றிருப்பாள்.

"இல்லண்ணே... நான் பாத்துக்கலாம்னுதான்... அதாவது..."

"சரின்னீங்களா இல்லையா?"

"சரின்னேன்" என்றார் ஹரிராம்.

"கேட்டுக்கங்க" என்று பால்பாண்டி எல்லோரையும் பார்த்தார். பிறகு அவர் குரலும் இறங்கிவிட்டது. "ஏண்ணே, முடியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? பட்டறைக்கு வந்தீங்களே, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன உங்கள அடிச்சா வெரட்டியிருப்பேன்? இப்ப இவுக முன்னாடி நான்ல ஒண்ணுக்கும் ஆகாதவனா நிக்கிறேன்."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அவர் செய்தது நியாயம் ஆகிவிடாது. அந்த இடத்தில் அதைச் சொல்ல வேண்டியவர் பாயில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாரதாம்பாள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தம்பி, அவரு சரின்னாரு. நாங்க சொல்லல. இந்த வீட்டுல நானும் இருக்கேன், என் புள்ளையும் இருக்கு. ஆகஸ்ட் முடியிற வரைக்கும் இங்க எங்க அடுப்புதான் எரியும். அது முடிஞ்ச மறுநாள் கூட்டிக் கழுவிக் குடுத்துட்டுப் போறோம். அதுக்கு முன்ன நீங்களும் வர வேணாம், வேற யாரையும் கூட்டிட்டு வரவும் வேணாம். வேணும்னா கதவத் தட்டுங்க. உங்ககிட்ட இருக்குற சாவியக் குடுத்துருங்க."

"அக்கா, அது என் வீட்டுச் சாவிக்கா."

"ஆமா தம்பி, உங்க வீடுதான். நாங்க குடியிருக்கோம்ல."

பால்பாண்டி இடுப்பில் செருகியிருந்த சாவி வளையத்தில் இருந்து அந்தச் சாவியைக் கழற்ற நகம் நுழையாமல் தடுமாறினார். கழற்றி, பழக்கத்தில் ஹரிராமிடம் நீட்டப் போய், நிறுத்தி, சாரதாம்பாளிடம் கொடுத்தார். யாரையும் பார்க்காமல் படியேறிப் போய்விட்டார். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ரம்யாஸ்ரீ பாத்திரத்தை அடுப்பில் இருந்து இறக்கிக்கொண்டாள். காய்ச்சாத பால் விளிம்பு வரை தளும்பியது. இந்துவின் முன்னால் வந்து நின்று, "நல்லபடியாப் பெத்துப் பொழைச்சு வாங்கக்கா" என்று அவர்கள் பாஷையில் சொன்னாள். சாரதாம்பாள் காபி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லிப் பார்த்தாள். அவர்கள் இருக்கவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, பால் சிந்திவிடாமல் மெதுவாகத் தெருவில் நடந்து போனார்கள். பக்கத்து வீட்டு வாசலில் மலைச்சாமி பெண்டாட்டி விளக்குமாற்றோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சாரதாம்பாள் கதவைச் சாத்தினாள்.

இனிமேல் தன்னைத் திட்டித் தீர்ப்பாள் என்று ஹரிராம் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவளோ டிகாக்‌ஷனை மறுபடி சூடாக்கிக் காபி கலந்து அவர் பக்கத்தில் டம்ளரை வைத்தாள். அவர் எடுத்துப்போக வேண்டிய சாப்பாட்டைக் கட்டினாள். பிறகு ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு ஒரு சேலையை மடியில் போட்டு உட்கார்ந்தாள். முதல் இரண்டு தையலைப் பிரித்துத் திரும்பப் போட்டாள்.

ஹரிராம் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். கதவைத் திறக்கப் போனபோது இந்து கூப்பிட்டாள். அவள் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கோபம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"அப்பா, ஆஸ்பத்திரியில கையெழுத்து யாரு போடுவாங்கன்னு நர்ஸ் கேட்டாங்கல்ல, உங்க பேரைத்தான் குடுத்திருக்கு."

"ஆமாம்மா. நான்தான் கூடவே இருப்பேனே."

"கூட இருங்கப்பா. ஆனா கையெழுத்து அம்மா போடட்டும்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. அவளே வயிற்றைத் தடவிக்கொண்டு, அவருக்கு வலிக்காதபடி மெதுவாகச் சொன்னாள்.

"நடு ராத்திரி டாக்டர் வந்து, வயித்தக் கிழிக்கணும்னு சொல்லி பேப்பர நீட்டினா, நீங்க என்ன ஏதுன்னு கேக்காமச் சரின்னு போட்டுருவீங்க. அம்மான்னா நாலு கேள்வி கேக்கும். எனக்குப் பயமா இருக்குப்பா. கோவிச்சுக்காதீங்க."

சாரதாம்பாள் தையலில் இருந்து தலையைத் தூக்கவில்லை. ஹரிராம் சாப்பாட்டுப் பையை ஒரு கையில் இருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"சரிம்மா" என்றார்.